மூட்டைப்பூச்சியின் வரலாறும் மலைநாட்டு வீடும்



வரலாறு என்றால் அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் எண்ணிப் பார்ப்பதே நமது வழக்கம். பாடசாலைகளிலும் பெரும்பாலும் அவற்றையே கற்பித்து வருகிறோம். ஆனால், மனிதன் பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் எங்கே படுத்தான், எத்தகைய சுவர்களுக்குள் படுத்தான், அவனுடைய உறக்கத்தைக் கெடுத்தது யாது என்பனவும் வரலாற்றின்பாற்பட்டவையே. அவ்வகையில் இன்று மூட்டைப்பூச்சியின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். இப்பெயரைக் கேட்டதும் நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். சிலர் முகஞ் சுளிக்கவுங்கூடும். கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் எனக்கு இது நகைப்புக்குரிய விடயமாகத் தோன்றவில்லை. முதற் பாடவேளையிலேயே கண் சொருகும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது எளிது. அப்பிள்ளையின் கழுத்திலும் முழங்கையிலும் வரிசையாகத் தடித்திருக்கும் கடிவாய்களைக் கண்ட பின்னர், கடிந்துகொள்ள நா எழுவதில்லை.

இப்பூச்சி நம்மோடு வாழத் தொடங்கியது நேற்று அன்று. குகைகளில் வௌவால்களின் குருதியை உண்டு வாழ்ந்த பூச்சியினம், மனிதனும் குகையிற் குடியிருந்த காலத்தில் அவனையும் பற்றிக்கொண்டது என்பது அறிஞர் கருத்து. எகிப்து நாட்டின் அமர்ணா என்னும் இடத்தில், அரச கல்லறைகளை அமைத்த தொழிலாளர் ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த குடியிருப்பை அகழ்ந்து ஆராய்ந்தபோது, மூட்டைப்பூச்சியின் எச்சங்கள் கிடைத்தன. கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்தோபனீசு கி.மு. 423 இல் அரங்கேற்றிய 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகத்திலே, ஒரு முதியவர் படுக்கையிற் பூச்சிக்கடி தாளாது துடிக்கிறார். நமது பஞ்சதந்திரத்திலோ, அரசனுடைய பஞ்சணையில் அமைதியாக வாழ்ந்த பேனிடம் மூட்டைப்பூச்சி ஒன்று விருந்தாக வருகிறது. பொறுமையின்றி அரசனைக் கடித்துவிட்டு அது ஓடி ஒளிந்துகொள்ள, அகப்பட்ட பேன் உயிரை இழக்கிறது. சிவபெருமான் பனிமலையிலும் திருமால் பாற்கடலிலும் துயில்வது இப்பூச்சிக்கு அஞ்சியே என்று வேடிக்கையாகக் கூறும் வடமொழிச் சுலோகம் ஒன்றும் உண்டு. அரசனுடைய மஞ்சமும் ஏழையின் பாயும் இதற்கு ஒன்றே என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அந்த அறிவைப் பிற்காலத்தவராகிய நாம்தான் மறந்துவிட்டோம்.

இனி இதன் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். மனிதனை நாடி வாழ்வன இரண்டு இனங்கள். ஒன்று குளிர் நாடுகளிலும், மற்றொன்று இலங்கை, தென்னிந்தியா போன்ற வெப்ப நாடுகளிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. வளர்ந்த பூச்சி ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமுடையது, தட்டையானது, இறகற்றது. பறக்கவும் துள்ளவும் இயலாத இப்பூச்சி நடந்தே வருகிறது. ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் வயிறார உண்டு, மீண்டும் தன் ஒளிவிடத்துக்குத் திரும்பிவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்தே முழுப் பூச்சியாகிறது. ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கும் ஒரு வேளைக் குருதி வேண்டும். பெண்பூச்சி தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். உணவின்றியே பல மாதங்கள் உயிர் தரித்திருக்கும். குளிரில் அதனினும் நீண்ட காலம் தாங்கும். இவையனைத்திலும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. இப்பூச்சி நமது உடலில் வாழ்வதில்லை. நமது வீட்டில் வாழ்கிறது. பேனுக்கு இருப்பிடம் தலை. மூட்டைப்பூச்சிக்கு இருப்பிடம் சுவர் வெடிப்பு, கட்டிற் பொருத்து, பாயின் மடிப்பு. ஆகவே, இதன் வரலாறு நாம் வாழ்ந்த வீட்டின் வரலாறேயாகும்.

மலைநாட்டிலே நமது வீட்டின் வரலாறு யாது? கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கோப்பிப் பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. 1885 இல் நானுஓயாவரை சென்றடைந்த புகையிரதப் பாதை, கொட்டகலையையும் ஊடறுத்தே சென்றது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே, வந்து திரும்பியவர்கள் குடும்பமாக நிலைத்துத் தங்கலாயினர். அவர்களுக்கென அமைந்ததே லயம்.

லயத்தின் அமைப்பை அதில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்டறியாத நேயர்களின்பொருட்டுச் சொல்லுகிறேன். ஒரே கூரைத்தகரத்தின் கீழ் வரிசையாகப் பல காம்பராக்கள். சில லயங்களில் முதுகோடு முதுகாக இரு வரிசைகள். ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி அளவினது. முன்புறம் ஒடுங்கிய இஸ்தோப்பு. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே ஒரே சுவர். பல லயங்களில் அச்சுவரும் கூரையைத் தொடாது நின்றுவிடும். சமைப்பதும் உண்பதும் பிள்ளை பெறுவதும் உறங்குவதும் அந்தச் சிறிய இடத்திலேயே. சுவரின் வெடிப்பை மறைக்கவும் குளிர்காற்றைத் தடுக்கவும் பத்திரிகைத் தாள்களையும் நாட்காட்டிப் படங்களையும் ஒட்டினர். குளிருக்குக் கம்பளியும் சாக்கும் துணையாயின. கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலுள்ள எங்கள் ஊரில், மழைமாதங்களில் பாயை உலர்த்தப் போதிய வெயிலும் கிடைப்பதில்லை. மூட்டைப்பூச்சிக்கு என்றே ஒருவர் வீடு கட்ட முற்பட்டாலும் இதனினும் பொருத்தமாகக் கட்டியிருக்க முடியாது.

அக்காலத்து அரசாங்கம் தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் பற்றிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை என்று கூறிவிட முடியாது. 1872 இல் தோட்டங்களுக்கான மருத்துவ வசதிச் சட்டம் வந்தது. 1912 இல் அது புதிதாக்கப்பட்டதோடு, தொழிலாளரின் நோய்கள் பற்றிய வேறொரு சட்டமும் வந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. அதன் பின்னர் வந்தவர்கள் மண்டபம் முகாமிலே தங்கவைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனை முடிந்த பின்னரே இக்கரைக்கு அனுப்பப்பட்டனர். வாந்திபேதி, அம்மை, கொளுக்கிப்புழு ஆகியவற்றையே இம்முயற்சிகள் நோக்கின. அதன் காரணத்தை அறிவது கடினமன்று. வாந்திபேதி வந்தால் தொழிலாளி இறப்பான். கொளுக்கிப்புழு பற்றினால் வேலைக்கு எழ மாட்டான். பிரட்டுக்களத்தில் பேர் குறையும். மூட்டைப்பூச்சி கடித்தாலோ, இரவெல்லாம் விழித்திருந்தவனும் விடியற்காலையில் மலைக்குப் போய்விடுவான். கணக்கேட்டிற் குறையாத துன்பம் எவருடைய கவனத்துக்கும் எட்டுவதில்லை.

மருத்துவ அறிஞர் இப்பூச்சியைக் கூர்ந்து நோக்கிய காலமும் ஒன்று இருந்தது. கறுப்புக் காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயின் கிருமியை 1903 இல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்ள்ஸ் டொனவன் கண்டறிந்தார். இங்கிலாந்தில் லீஷ்மன் என்பாரும் அதே ஆண்டில் அதனை வெளிப்படுத்தியமையால், அக்கிருமிக்கு இருவருடைய பெயர்களும் வழங்கலாயின. அதனைப் பரப்புவது மூட்டைப்பூச்சியே என்று சந்தேகித்து, 1907 இல் சென்னையில் பற்றன் என்னும் ஆய்வாளர் பல சோதனைகளை நடத்தினார். இச்சந்தேகம் நெடுங்காலம் நீடித்தது. இறுதியில், 1942 இல் சுவாமிநாதும் அவரோடு பணியாற்றியவர்களும் அந்நோயைப் பரப்புவது மணற்கொசுவே என்று ஐயமற நிறுவினர். மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்பும் வழக்கம் உடையது என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், நோய் பரப்பாதது தீங்கற்றது என்று கொள்ளலாகாது. சொறிந்த இடம் புண்ணாகிறது, உறக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது. பிள்ளைகளுக்கு இவை மூன்றும் கல்வி இழப்பாக முடிகின்றன.

பின்னர் டி.டி.ரி. என்னும் மருந்து வந்தது. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939 இல் சுவிற்சர்லாந்து விஞ்ஞானி போல் முல்லர் கண்டறிந்தார். 1948 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்த இலங்கைக்கு இது பெரும் வரப்பிரசாதமாயிற்று. 1946 இல் 27 இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்த மலேரியா நோயாளர் தொகை, 1963 இல் வெறும் 17 ஆகக் குறைந்தது. நுளம்பைக் கொல்லச் சுவர்களில் தெளித்த மருந்து, அச்சுவர்களில் ஒளிந்திருந்த மூட்டைப்பூச்சியையும் கொன்றது. இந்தியாவில் 1953 இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, கிராம மக்கள் மருந்து தெளிப்போரை மகிழ்ந்து வரவேற்றதற்கு மூட்டைப்பூச்சி ஒழிந்ததும் ஒரு காரணமாகும். நுளம்பைக் கொன்ற பயன் பல மாதங்கள் சென்றே விளங்கும்; மூட்டைப்பூச்சி ஒழிந்த பயனோ அன்றிரவே விளங்கும் அல்லவா?

ஆனால், அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஹவாய்த் தீவின் பேர்ள் துறைமுகப் படைமுகாமில் டி.டி.ரி.க்கு மடியாத மூட்டைப்பூச்சிகள் 1947 அளவிலேயே காணப்பட்டன. மருந்துக்குத் தப்பிய ஒருசில பூச்சிகளின் சந்ததியே பின்னர் பெருகியது. கிராமங்களிலும் அதுவே நிகழ்ந்தது. மருந்து தெளித்த பின்னர் பூச்சி முன்னிலும் மிகுதியாக வெளியே வருகிறது என்று மக்கள் முறையிட்டனர். பல இடங்களில் மலேரியா மருந்து தெளிப்பதையே தடுக்கத் தலைப்பட்டனர். சிறிய பூச்சி ஒன்று பெரிய சுகாதாரத் திட்டத்தையே இடறிவிட்டதற்கு இது சான்றாகும். டி.டி.ரி.க்குப் பின்னர் மலத்தியன் வந்தது. அதன் பின்னர் வேறு மருந்துகளும் வந்தன. 2007 இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், இலங்கை மூட்டைப்பூச்சிகள் டி.டி.ரி., மலத்தியன், புரொப்பொக்சர், பேர்மெத்திரின் ஆகியவற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றல் பெற்றிருப்பது தெரியவந்தது. கடையில் வாங்கித் தெளித்த மருந்து பலிக்கவில்லையே என்று ஏங்கும் தாய்மாருக்கு இதுவே விடை. குறை அவர்களிடம் இல்லை.

இதே காலத்தில் உலகின் செல்வ நகரங்களிலும் மூட்டைப்பூச்சி மீண்டும் தலைகாட்டியது. 2017 முதல் 2022 வரையிலான காலத்தில், பிரான்சு நாட்டில் பத்துக் குடும்பங்களுக்கு ஒன்றுக்கு மேல் இத்தொல்லைக்கு உட்பட்டதாக அந்நாட்டுச் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் 2023 இல் தெரிவித்தது. அவ்வாண்டு பாரிசு மாநகரில் இப்பூச்சியைப் பற்றிய கலக்கம் உலகச் செய்தியாயிற்று. ஆகவே, மூட்டைப்பூச்சி என்பது அழுக்கின் அடையாளமும் அன்று. வறுமையின் அடையாளமும் அன்று. தோட்டத்து மக்களின் அடையாளம் அறவே அன்று. கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளை தீபாவளிக்குக் கொண்டுவரும் பயணப்பையிலும் அது வரும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியிலும் வரும். சுத்தமான வீட்டில் விரைவிற் கண்ணிற் படும். பொருள்கள் நெருங்கிய வீட்டில் தாமதித்துப் படும். வேறுபாடு அவ்வளவே. இதனை ஆசிரியர்களும் உணர்ந்து, பிள்ளைகளுக்கும் உணர்த்த வேண்டும். 'லயத்துப் பிள்ளை' என்று சக மாணவனை ஒதுக்கும் வழக்கம், பூச்சிக்கடியினும் ஆழமாகப் புண்படுத்துகிறது. அன்றியும், வெட்கம் இருக்கும்வரை வீட்டார் அதனை மறைப்பர். மறைக்கும்வரை அது பெருகும்.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?" என்று நம்மவர் கேட்பதுண்டு. லயத்திலே இப்பழமொழி வெறும் சொல்லன்று. மண்ணெண்ணெயைக் கட்டிலிலும் சுவரிலும் தடவும் பழைய வழக்கம் பேராபத்தானது. ஒரு காம்பராவிற் பற்றிய தீ, பொதுவான கூரையைப் பிடித்து முழு லயத்தையும் சாம்பலாக்கிவிடும். அதற்குச் சிறிதும் குறையாத ஆபத்து, பயிருக்கென வந்த நஞ்சைக் காம்பராவினுள் தெளிப்பது. பிள்ளைகள் படுக்கும் பாயிலும் உண்ணும் பாத்திரத்திலும் அந்நஞ்சு படியும். பூச்சி ஒருவேளை பிழைத்துக்கொள்ளும். பிள்ளை நோயில் விழும். இவ்விரண்டையும் எக்காரணங்கொண்டும் செய்யலாகாது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? வரலாறு காட்டும் வழி மூன்று. முதலாவது, வெப்பம். 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பூச்சியும் முட்டையும் விரைவில் மடியும். எந்த மருந்தையும் எதிர்த்து நிற்கப் பழகிய பூச்சியும் கொதிநீருக்கு முன் நிற்காது. துணிகளையும் போர்வைகளையும் கொதிநீரில் அமிழ்த்தி எடுக்கலாம். கட்டிலைக் கழற்றி வெளியே கொண்டுவந்து, பொருத்துகளிலும் துளைகளிலும் கொதிநீரை ஊற்றலாம். பிள்ளைகளை அப்பால் நிறுத்தி, மின்சாரக் கம்பியுள்ள இடங்களைத் தவிர்த்தே இதனைச் செய்தல் வேண்டும். எங்கள் மலையின் இளவெயிலில் பாயை விரிப்பது மட்டும் போதாது. பூச்சி நிழற்பக்கத்துக்கு நகர்ந்துவிடும்.

இரண்டாவது, வெடிப்பை அடைத்தல். சுவரில் ஒட்டிய பழைய தாள்களைக் கிழித்தெடுத்து எரித்துவிட்டு, வெடிப்புகளைச் சீமெந்தினால் அடைத்து, வெள்ளையடித்தல் வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, போர்வை தரையிற் படாமல் விரித்து, கட்டிற் கால்களை நீர் நிறைந்த தகரப் பேணிகளில் நிறுத்தும் பாட்டிமாரின் வழக்கம் அறிவுக்கு ஒத்ததே. நீரை நாள்தோறும் மாற்றினால் நுளம்பும் பெருகாது. பால்கன் நாடுகளில் அவரையினச் செடியின் இலைகளை இரவிலே தரையிற் பரப்பி, காலையில் அவற்றிற் சிக்கிய பூச்சிகளை எரிப்பார்களாம். இலையின் நுண்ணிய கொளுவிகள் பூச்சியின் காலைத் துளைத்துப் பிடிப்பதை 2013 இல் அமெரிக்க ஆய்வாளர் விளக்கினர். முன்னோர் வழக்கங்கள் அனைத்தும் மூடத்தனம் அல்ல என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது, ஒற்றுமை. ஒருமுறை செய்து ஓய்ந்துவிட்டால், எஞ்சிய முட்டைகள் பொரித்து மீண்டும் பெருகும். ஆகவே, வாரந்தோறும் சில முறை தொடர்ந்து செய்தல் வேண்டும். ஒரு காம்பராவில் மட்டும் செய்தாலோ, பூச்சி பொதுச்சுவரைக் கடந்து அடுத்த காம்பராவுக்குச் சென்று, சின்னாட்களில் திரும்பி வரும். லயம் முழுவதும் பூச்சிக்கு ஒரே வீடு. எனவே, அதனை எதிர்ப்பதிலும் லயம் ஒரே வீடாதல் வேண்டும். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முன் நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்யும் துப்புரவை, ஒரே நாளில் லயத்தார் அனைவரும் கூடிச் செய்யும் சிரமதானமாக மாற்றினால் பெரும்பயன் விளையும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் தோட்டத்து வைத்தியரையும் அன்று அழைத்துக்கொள்ளலாம். சுவரைப் பழுதுபார்க்கும் கடமை நிருவாகத்துக்கும் உண்டு என்பதைத் தொழிற்சங்கத்தார் நினைவூட்டலாம்.

நேயர்களே, நமது குடியிருப்பு இன்று மாறிவருகிறது. இந்திய அரசின் உதவியுடன் 4,000 தனி வீடுகளுக்கான திட்டம் தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் நிலத்திலே தனிச்சுவரும் தனிக்கூரையும் உடைய வீடு என்பது இருநூறு ஆண்டுக் கனவின் தொடக்கம். ஆயினும், பல்லாயிரம் குடும்பங்கள் இன்னமும் லயங்களிலேயே வாழ்கின்றன. புதுவீடு புகுவோரும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1930 களில் இங்கிலாந்தின் சேரிகளை இடித்து மக்களைப் புதிய வீடுகளுக்கு மாற்றியபோது, அவர்களுடைய தளபாடங்களோடு மூட்டைப்பூச்சியும் குடிபெயரும் என்று உணர்ந்த நகரசபைகள், அவற்றை வண்டிகளில் ஏற்றிப் பூச்சி நீக்கிய பின்னரே புதிய வீடுகளுக்குள் அனுப்பின. பழைய கட்டிலைக் கொதிநீரிற் கழுவாமல் புதிய வீட்டுக்குள் கொண்டுசெல்லலாகாது என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அரசர்கள் மாறினர், கோப்பி போய்த் தேயிலை வந்தது, தோட்டங்கள் 1970 களில் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. இத்தனை மாற்றங்களுக்கும் அசையாது, சுவர் வெடிப்பிலேயே இருந்துவந்தது இப்பூச்சி. வெடிப்பு இருக்கும்வரை அது இருக்கும். மருந்துப் போத்தலை மட்டும் நம்பியிராமல் சுவரைத் திருத்துவோம். அயலாரோடு கூடித் திருத்துவோம். நமது பிள்ளைகள் இரவிலே நன்கு உறங்கி, காலையில் விழிப்போடு பாடசாலைக்கு வரட்டும்.